என் தோழன் பெயர் என்னாசி

ஊரெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற ஒரு திங்கட்கிழமை காலையில், கொருக்குப்பேட்டை ரிங்கிக்கு மட்டும் லீவு. அவளுக்கும், அவளைப் போல வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிற இன்னும் பல பிள்ளைகளுக்கும். காய்ச்சல் இல்லை, பண்டிகை இல்லை. ஹெட்மாஸ்டரே வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு வைத்து, ஆளுக்கொரு மிட்டாயும் கொடுத்து, "திங்கக்கிழமை வர வேணாம்மா, வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிய லீவு அது.

லீவு என்றால் துள்ளிக் குதிக்கிற வயசுதான். ஆனால் ரிங்கி விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, சீப்பும் ரிப்பனுமாக அம்மா முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்றைக்கு லீவு என்றாயே?" என்று அம்மா அவர்கள் பேச்சில் கேட்டாள்.

"அது ஹெட்மாஸ்டருக்கு வேண்டிய லீவு. எனக்கு வேண்டாம். இறுக்கிப் பின்னு" என்றாள் ரிங்கி.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சரக்கு ரயில்கள் வந்து நிற்கிற யார்டை ஒட்டி ஒரு நடுநிலைப் பள்ளி. அரசு வைத்த பெயர் நீளமாக இருக்கும். தெருவில் அதற்குப் பெயர் கூட்ஸ் ஸ்கூல். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். தெற்கேயிருந்து வந்து மளிகைக்கடை வைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். யார்டில் மூட்டை தூக்க பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர் ஊர் உட்கார்ந்திருக்கும், அப்படி ஒரு பள்ளிக்கூடம்.

போன வருஷம் கல்வி அலுவலகத்தில் மேலேயிருந்து ஆள் வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளிலேயே கூட்ஸ் ஸ்கூல்தான் கடைசி. ஹெட்மாஸ்டர் அருள்பிரகாசத்தைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். "ஐயா, எங்களுக்கு வர்ற பிள்ளைங்க யாருன்னு பாருங்க. பாதிக்குத் தாய்மொழி தமிழே இல்ல" என்றார் அவர். காரணம் வேண்டாம், மார்க் வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்படி நின்றதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வருஷம் ஆள் வரும் திங்கட்கிழமை அந்தப் பாதிப் பிள்ளைகளே இல்லாவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. லீவு அங்கே பிறந்தது.

ரிங்கிக்கோ வேறு கணக்கு. பீகாரிலிருந்து வந்த புதிதில் அவளைச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் உட்கார வைத்தார்கள். பின்கட்டு என்று அதற்குப் பெயர். தமிழ் தெரியாத பிள்ளைகள் எல்லாம், சின்னதும் பெரியதுமாக, அங்கேதான். அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுவாள். இந்த ஜூனில்தான் தமிழாசிரியை ஞானசெல்வி மிஸ் ஹெட்மாஸ்டரோடு மல்லுக்கட்டி, அவளையும் இன்னும் நாலைந்து பேரையும் ஏழாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டிருந்தார். அதுவும் பரீட்சார்த்தமாக. மேலேயிருந்து வருகிறவர் முன்னால் வாசித்துக் காட்டுகிற பிள்ளை அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்குப் போகும். வாசிக்காத பிள்ளை திரும்பப் பின்கட்டுக்கு. அவ்வளவுதான் பேச்சு.

இப்போது சொல்லுங்கள், வீட்டில் ரெஸ்ட் எடுக்க முடியுமா?

தெரு முனையில் இன்னாசி நின்றிருந்தான். அவள் வகுப்புத்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் சர்ச்சுக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் தலை வாரமாட்டான்.

"இன்னாம்மே, ரெட்ட ஜட போட்டுகினு தூளா கீற! ஒனக்குத்தான் ஹெட்டு லீவு குட்துட்டாரே?"

"எனக்கு வாணாம். நீ வச்சிக்கோ."

"நா எங்க வச்சிக்கிறது? சனி ஞாயிறு ரெண்டு நாளும் முகிலன நெட்டுரு போட்டு மண்ட காஞ்சிபோய் கீது."

"முகிலனா? யாரு அது?"

"அட, ஒனக்குப் பேப்பர் தர்லியா? வாசிச்சப்பறம், 'என் தோழன்'னு அஞ்சாறு வரி பேசணுமாம். ஹெட்டே எய்தி எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குட்தாரு. முகிலன்னு ஒருத்தன். காலீல எயுந்து பல்லு தொலக்குவானாம், மரம் நடுவானாம், பொய்யே பேச மாட்டானாம். அப்டி ஒருத்தன் நம்ம ஏரியால கீறானா, சொல்லு."

ரிங்கியின் நடை ஒரு நிமிஷம் தடுமாறியது. பேப்பர் அவளுக்கு வரவில்லை. லீவு கொடுத்த பிள்ளைக்கு எதற்குப் பேப்பர்?

"நா என்ன பேசறது?"

"சும்மா நீயே எதுனா வுடு. ஜல்தி வா, பெல் அட்ச்சிடுவான்."

"ஜல்தி இல்ல. சீக்கிரம்" என்றாள் ரிங்கி. "கீறானா இல்ல, இருக்கிறானா."

"ஆரம்பிச்சிட்டியா!"

அது அவர்களுக்குள் தினமும் நடக்கிற சண்டை. ஞானசெல்வி மிஸ் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு மூலையை அழிக்காமலே வைத்திருந்தார். கீது – இருக்கிறது. வூடு – வீடு. வந்துகினு – வந்துகொண்டு. இன்னா – என்ன. "தெருவுல எப்படி வேணா பேசுங்க, நல்லாத்தான் இருக்கு. பரீட்சையில இன்னா எங்க வந்தாலும் அடிச்சிட்டு என்ன-ன்னு போடுங்க" என்பார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. சிரித்துவிட்டு மறந்துவிடும். ரிங்கிக்கு அது சட்டம். தமிழில் அவளுக்குத் தானாக வந்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் பிடித்து இழுத்து வந்து கட்டி வைத்தது.

பள்ளி வாசலில் கோலம், வாழைக்கன்று, வாடகைக்கு எடுத்த சிவப்பு நாற்காலிகள். ஞானசெல்வி மிஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கொருக்குப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிற குடும்பத்து மருமகள். பிறந்தது தெற்கே நாசரேத் பக்கம். வகுப்பில் அச்சுக்கோத்த மாதிரி பேசுவார். மனசு பதறிவிட்டால் ஊர்ப்பேச்சு தானாக வெளியே வந்துவிடும்.

"ஏட்டி ரிங்கி! நீ எதுக்கு வந்தே? சார் சொல்லலியா?"

"சொன்னாரு மிஸ்."

"பொறவு?"

"பின்கட்டுக்குப் போ மாட்டேன் மிஸ்."

மிஸ் அவளைப் பார்த்தார். இறுக்கிப் பின்னிய சடையைப் பார்த்தார். உள்ளே ஹெட்மாஸ்டர் புதுச் சட்டையோடு இளநீரைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்தார்.

"இன்னைக்குன்னு பாத்து எனக்கு இப்படி ஒரு சோதனை. சரி போ, போயி கடைசி பெஞ்சுல உக்காரு. தூணுக்குப் பின்னால. தலைய வெளிய நீட்டாத. சார் கேட்டா நான் பாக்கவே இல்லன்னு சொல்லிருவேன், பாத்துக்கிடு."

ரிங்கி பறந்தாள்.

வந்தவர் மலிகா மேடம் என்ற அதிகாரி. மூக்குக்கண்ணாடி, பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. இளநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வகுப்புக்குள் வந்தார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர், அவருக்குப் பின்னால் மிஸ்.

முதலில் ஜோபின். பாடத்தை வாசித்தான், நன்றாகவே வாசித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "என் தோழன் பெயர் முகிலன். அவன் அதிகாலையில் எழுந்து பல் துலக்குவான்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் முடித்தான். ஹெட்மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

அடுத்து பெனிஷா. "என் தோழன் பெயர் முகிலன்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது பிராங்கிளின்.

"என் தோழன் பெயர் முகிலன். அவன் அதிகாலையில் எழுந்து..."

"இருப்பா, இரு" என்றார் மேடம். "இந்த முகிலன் ரொம்பத் தங்கமான பிள்ளையா இருக்கானே. நானும் பார்க்கணுமே. முகிலன், கொஞ்சம் எழுந்து நில்லு."

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். இன்னாசியின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"அவன் ஆப்சென்ட்டு மேடம்!"

கொல்லென்று சிரிப்பு. மேடத்துக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தச் சிவப்பு ரிப்பன். நீ வாம்மா."

ஹெட்மாஸ்டர் குறுக்கே வந்தார். "மேடம், அந்தப் பொண்ணு... அது இன்னிக்கு லீவு... தாய்மொழி வேற மேடம், வீட்ல இந்தி..."

"பேசட்டுமே சார்."

ரிங்கி முன்னால் வந்தாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். எழுத்துகள் முதலில் எறும்பு மாதிரி ஓடின. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ழகரம் வந்த இடத்தில் நின்று, மூச்சிழுத்து, நாக்கை மடித்து, விடாமல் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாள், ஓட வேண்டிய இடத்தில் நின்றாள். ஆனாலும் பத்தியின் கடைசிப் புள்ளிவரை போய்விட்டாள். கடைசி பெஞ்சுப் பக்கம் மிஸ் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நல்லது. இப்ப உன் தோழனைப் பத்திச் சொல்லு."

பேப்பர் இல்லை. முகிலன் இல்லை. வகுப்பில் அவளுக்குத் தெரிந்த ஒரே தோழன் மூன்றாவது பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். ரிங்கி கரும்பலகையின் மூலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சட்டம் எல்லாம் சரியாக நினைவிருந்தது. கையைக் கட்டினாள்.

"என் தோஸ்து... இல்லை, என் தோழன் பெயர் என்னாசி."

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பாருங்கள், வகுப்பு இடிந்து விழுந்தது! பெனிஷா பெஞ்சின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ஜோபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இன்னாசி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான்.

"இன்னாது? என்னாசியா? மேடம், எம்பேரு இன்னாசி! எங்க தாத்தா பேரு மேடம்! ராயபுரம் கோயில்ல சாமியாரு தண்ணி ஊத்தி வச்ச பேரு!"

ரிங்கி அசரவில்லை. திரும்பி அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது. 'இன்னா' தப்பு. 'என்ன' சரி. எங்கே வந்தாலும் மாற்ற வேண்டும் என்று மிஸ் சொன்னார்கள். நீதான் இத்தனை நாள் உன் பேரையே தப்பாகச் சொல்லிகினு... சொல்லிக்கொண்டு இருக்கிறாய்."

"அய்யோ, ஆளு பேருக்கெல்லாம் அத போடப்பிடாதுட்டி!" என்று மிஸ் கத்தியேவிட்டார். அதிகாரி நிற்பது, தான் தமிழாசிரியை என்பது எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த தண்ணீர். ரிங்கிக்கு அது தெரியாதே! முடிந்தது, பின்கட்டுதான் என்று தீர்மானித்துவிட்டாள். ஆனால் ஆரம்பித்ததை விடுகிற பெண்ணா அவள்? போகிறதுதான் போகிறோம், முழுக்கச் சொல்லிவிட்டே போவோம் என்று குரலை உயர்த்தினாள்.

"அவன் தினமும் பல் துலக்க மாட்டான். அவன் அப்பா துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவன் வீட்டில் நான் மீன் குழம்பு சாப்பிட்டேன். எனக்கு முள் எடுக்கத் தெரியாது. அவன் எடுத்துக் கொடுத்தான். நான் இந்தப் பள்ளிக்கு வந்த அன்று எனக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வீட்டுக்கு ஓட நினைத்தேன். அப்போது அவன் வந்து, 'வா தோஸ்து' என்றான். அது எங்கள் வீட்டிலும் இருக்கிற சொல். அதனால் நான் ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டேன்."

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னாசி பெஞ்சிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்து, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"சார்" என்று மேடம் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். "முகிலனைச் சொன்ன பிள்ளைங்க ஒருத்தர்கூட ஒரு தப்பும் விடலை. இந்தப் பொண்ணு விட்டா. நெட்டுருப் போட்ட பிள்ளைக்கு இந்தத் தப்பு வருமா, சொல்லுங்க. ஒரு விதியைக் கத்துக்கிட்டு, யாரும் சொல்லாத இடத்துல தானே போட்டுப் பார்த்திருக்கா. நான் ஊர் ஊராப் போயி இப்படி ஒரு தப்பைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

பிறகு ரிங்கியிடம் குனிந்து, "பேருக்கு மட்டும் விட்டுடு. அவங்க தாத்தா வருத்தப்படுவார்" என்றார்.

"சரி மேடம். அப்போ... நான் எட்டாவது போவேனா? பின்கட்டு இல்லியே?"

"பின்கட்டா? அது என்ன?"

மிஸ் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார், பாதி அச்சுத் தமிழ், பாதி நாசரேத். கேட்டுக்கொண்டே மேடம் காலி பெஞ்சுகளை மறுபடி பார்த்தார். "இங்கே உட்கார வேண்டியவங்க எங்கே?"

ஹெட்மாஸ்டர் அருள்பிரகாசம் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நான்தான் மேடம் வர வேணாம்னு சொன்னேன். போன வருஷம் மாதிரி ஆயிடுமோன்னு பயம். இந்தப் பொண்ணு இப்படிப் பேசும்னு எனக்கே தெரியாது மேடம்."

"கேட்டாத்தானே சார் தெரியும்? இவ எட்டாவது போறா, அதுல பேச்சே இல்லை. மத்தவங்களைக் கேட்காம நான் என்ன எழுதறது? சாப்பாட்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ரிங்கி வாசலைத் தாண்டியிருந்தாள். பின்னாலேயே இன்னாசி.

"ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஹெட்மாஸ்டர்!

அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி, ஷேர் ஆட்டோக்காரனிடம் திட்டு வாங்கி, யார்டுச் சுவரை ஒட்டிய சந்துக்குள் புகுந்து ஓடினார்கள். ரிங்கி இந்தியில் கூவினாள். இன்னாசி தனக்குத் தெரிந்த ஒரே இந்தியில் கூவினான்: "சலோ, சலோ! ஸ்கூலுக்கு சலோ!"

சோனு கோலி ஆடிக்கொண்டிருந்தான். கோலியை எல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். பபிதா தண்ணி லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். "கொடம் ரொம்பட்டும்" என்றாள்.

"அப்பால ரொப்பிக்கலாம் வாம்மே, பேஜாரு பண்ணாத! மேடம் பூட்டாங்கன்னா அவ்ளோதான்!" என்றான் இன்னாசி.

"நா வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் பபிதா.

"என்னைப் பார்த்தும் சிரிச்சாங்க" என்றாள் ரிங்கி, மூச்சு வாங்க. "சிரிச்சிட்டு எட்டாவதுன்னு சொன்னாங்க. வா!"

ஒடியாக்காரப் பெண் லிபுனி தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், பிள்ளையை யாரிடம் விடுவது? "அவனையும் இட்டுகினு வா" என்று இன்னாசி பாப்பாவைத் தூக்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். பாப்பாவுக்கு ஒரே குஷி. இன்னாசியின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அதுவும் கத்திக்கொண்டே வந்தது.

வாசலில் ஹெட்மாஸ்டர் வாளியில் தண்ணீரோடு நின்றார். ஒவ்வொரு பிள்ளையாகக் கை கால் கழுவிவிட்டார். சட்டைப்பையிலிருந்து தன் சீப்பை எடுத்து சோனுவுக்குத் தலை வாரினார். புதுச் சட்டை முழுக்க ஈரம். "பயப்படாதீங்க. தெரிஞ்சதச் சொல்லுங்க. தப்பா வந்தா வரட்டும், நான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

வகுப்பில் இடம் போதவில்லை. பெனிஷா நகர்ந்தாள், ஜோபின் நகர்ந்தான், பெஞ்சுக்கு ஒருவர் கூடுதலாக நெருக்கி உட்கார்ந்தார்கள். ஞானசெல்வி மிஸ் பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல யாரு?" என்றார் மேடம்.

யாரும் எழவில்லை. பபிதா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த ரிங்கி பெஞ்சுக்கு அடியில் அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். பபிதா எழுந்தாள். பாவாடையெல்லாம் குடத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் தோழி பெயர்" என்று ஆரம்பித்து நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது ஜோடிக் கண்ணும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பபிதா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த சொல்லைத் தேடாமலே, ரிங்கியைப் பார்த்துச் சொன்னாள்.